துப்பறிவாளர் கொண்டுவருவது எப்போது சாட்சியமாகும்?

கேள்வி: நானும் என் நண்பரும் பல ஆண்டுகள் கூட்டாகத் தொழில் செய்தோம். "தொழில் நொடித்துவிட்டது, உன் பங்கைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை" என்று சொல்லி அவர் விலகிவிட்டார். பணம் கேட்டு சிவில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் அவர் தன் மைத்துனர் பெயரில் அதே தொழிலை நடத்துகிறார், பழைய வாடிக்கையாளர்களும் சரக்கும் அங்கேதான் போகின்றன என்று பலர் சொல்கிறார்கள். ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்தை அணுகினேன். அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் அலைபேசி அழைப்புப் பட்டியலையும் எடுத்துத் தருவார்களாம். காரில் ஜிபிஎஸ் கருவியும் பொருத்துவார்களாம். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டால், "அது எங்கள் தொழில் ரகசியம்" என்கிறார்கள். இதையெல்லாம் நீதிமன்றம் ஏற்குமா? துப்பறிவாளர்கள் சட்டப்படி எப்படித்தான் ஆதாரம் திரட்டுகிறார்கள்? அவரோடு நான் பேசிய சில அழைப்புகளைப் பதிவு செய்தும் வைத்திருக்கிறேன். என் வழக்கறிஞரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், வேலையை நிறுத்தச் சொல்லி எழுத்தில் அனுப்பிவிட்டு, உங்கள் வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வழக்கு எந்த நாட்டில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எங்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் அதைக் குறிப்பிடுகிறேன்.

துப்பறிவாளர் சாட்சிக் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் கேள்வியே "இது உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என்பதுதான். அங்கே தொழில் ரகசியம் என்று சொல்லித் தப்ப முடியாது. உங்களிடமே சொல்லத் தயங்குகிறவர் நீதிபதியிடம் என்ன சொல்வார்? சிவில் வழக்குகளில் துப்பறிவாளர்களோடு வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் ஓர் ஆதாரத்தைப் பார்த்ததும், அதில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் அது வந்த வழியைத்தான் கேட்போம்.

அடுத்தவரின் வங்கிக் கணக்கு விவரம் நேர்மையாக வெளியே வர இரண்டே வழிகள்தான். கணக்குக்கு உரியவர் சம்மதிக்க வேண்டும், அல்லது நீதிமன்றமோ சட்ட அதிகாரம் பெற்ற அமைப்போ கேட்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒருவர் கொண்டுவருகிறார் என்றால், உள்ளே இருக்கும் ஊழியருக்குக் காசு கொடுத்திருக்கிறார், அல்லது கணக்குக்காரர் போலப் பேசி ஏமாற்றியிருக்கிறார். அமெரிக்காவில் ஆள்மாறாட்டம் செய்து நிதி விவரம் வாங்குவது 1999 முதல் கூட்டாட்சிக் குற்றம். பிரிட்டனில் தனிநபர் தகவலைச் சட்டவிரோதமாகப் பெறுவது 2018-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அழைப்புப் பட்டியலும் அப்படித்தான். 2006-இல் ஹியூலட்-பேக்கார்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேசப்பட்டவை பத்திரிகைகளுக்குக் கசிந்தன. கசியவிட்டவரைக் கண்டுபிடிக்க அமர்த்தப்பட்ட ஆட்கள், இயக்குநர்கள் போலவும் பத்திரிகையாளர்கள் போலவும் நடித்துத் தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து அழைப்புப் பட்டியல்களை வாங்கினார்கள். விஷயம் வெளியே வந்தபோது நிறுவனத்தின் தலைவரே பதவி விலக நேர்ந்தது. இந்தியாவிலும் 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாணேயில், அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் காவல்துறை கைது செய்தது. இதுபோன்ற வழக்குகளில், பட்டியலை யாருக்காக எடுத்தார்கள் என்ற கேள்வி வாடிக்கையாளரின் வாசலுக்கும் வந்து சேரும். ஜிபிஎஸ் விஷயத்தில் கலிஃபோர்னியா போன்ற இடங்களில், உரிமையாளரின் சம்மதமின்றி அவர் வண்டியில் கருவி வைப்பதே குற்றம். நீங்கள் இப்போது பணம் கேட்கும் வாதி. இந்த வழியில் போனால் இன்னொரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பீர்கள்.

"ஆனாலும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. சில நேரம் ஏற்கும் என்பதே உண்மை. இந்திய உச்ச நீதிமன்றம் 1972-இல் மால்கானி வழக்கில், ஆதாரம் பெறப்பட்ட முறை தவறாக இருந்தாலும் அது வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் அந்தக் காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது என்றது. 2025 ஜூலையில், கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ, சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்ட பேச்சை நீதிமன்றத்தில் வைக்கவே கூடாது என்று 1968-லேயே கதவை மூடிவிட்டது.

இங்கிலாந்தில் 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வார்விக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்குக் கையில் காயம். கையைப் பழையபடி பயன்படுத்த முடியவில்லை என்று இழப்பீடு கேட்டார். காப்பீட்டுத் தரப்பு அனுப்பிய விசாரணை ஆள், சந்தை ஆய்வுக்காக வந்திருப்பதாகப் பொய் சொல்லி அவர் வீட்டுக்குள் நுழைந்து, மறைத்து வைத்த கேமராவில் அவர் கை அசைவுகளைப் படம்பிடித்தார். நீதிமன்றம் அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டது. உண்மையைப் பார்த்த பிறகு பார்க்காதது போல வழக்கை நடத்த முடியாது என்பது அதன் நிலை. ஆனால் செய்தது அத்துமீறல் என்று கண்டித்து, படத்தை ஏற்பதா வேண்டாமா என்று நடந்த வாதங்களின் செலவைப் படம் எடுத்த தரப்பின் தலையிலேயே கட்டியது. அவர் தெருவில், கடையில், பொது இடத்தில் கையைப் பயன்படுத்தும்போது பொறுமையாகப் படம்பிடித்திருந்தால் அந்த வாதங்களுக்கே இடம் இருந்திருக்காது என்பது என் கருத்து. குறுக்கு வழியில் போனவர்கள், நேர்வழியில் கிடைத்திருக்கக்கூடியதற்கு அதிக விலை கொடுத்தார்கள்.

சரி, நேர்வழி எது? நல்ல துப்பறிவாளர் உங்கள் வேலையைத் தெருவில் தொடங்க மாட்டார், மேசையில் தொடங்குவார். மைத்துனரின் நிறுவனம் எப்போது பதிவானது? உங்கள் கூட்டு முறிந்த தேதிக்கு முன்பா, பின்பா? பதிவில் உள்ள முகவரி, தொலைபேசி எண், கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் யார்? அந்த நிறுவனம் கடன் வாங்கி எந்தச் சொத்தை ஈடு காட்டியிருக்கிறது? பல நாடுகளில் கம்பெனிப் பதிவேட்டிலேயே அடமான விவரம் இருக்கும். நிலத்துக்கு நிலப் பதிவேடு. இந்தியாவில் என்றால் வில்லங்கச் சான்று. வணிகச் சின்ன விண்ணப்பம், வேலைக்கு ஆள் தேவை விளம்பரம், பழைய இணையதளப் பக்கம் எல்லாம் யாரும் பார்க்கக்கூடியவை. இவற்றையெல்லாம் விட நான் முதலில் தேடச் சொல்வது, அவர் வேறு வழக்குகளில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களை. ஒரு நீதிமன்றத்தில் "எனக்கு வருமானமே இல்லை" என்று சொன்னவர் இன்னொரு நீதிமன்றத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்தால் பல நேரம் வழக்கே திரும்பிவிடும். இதில் யாரையும் ஏமாற்றவில்லை. சான்றிட்ட நகல் வாங்கினால் யாரும் மறுக்கவும் முடியாது.

சிவில் வழக்கில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி எடைபோடுவார். பதிவான தேதி, ஒரே தொலைபேசி எண், அதே பழைய ஊழியர்கள், அதே வாடிக்கையாளர்கள் என்று சின்னச் சின்ன உண்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரும்போது, "மைத்துனர் தொழில், எனக்குச் சம்பந்தமில்லை" என்ற பேச்சு நிற்காது. திருட்டுத்தனமாக எடுத்த ஒரு பெரிய ஆதாரத்தைவிட இந்த அடுக்கு வலுவானது.

அடுத்தது மனிதர்கள். உங்களிடம் "பலர் சொல்கிறார்கள்" அல்லவா, அந்தப் பலர் யார்? பழைய ஓட்டுநரா, கணக்கு எழுதியவரா, சரக்கு வாங்கியவரா? ஓட்டுநர் தன்னிடம் சொன்னதாகத் துப்பறிவாளர் கூண்டில் சொன்னால் அது செவிவழிச் சாட்சியம். பல நாடுகளில் அது ஏற்கப்படாது. இங்கிலாந்தில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிவில் வழக்குகளில் முன்னறிவிப்போடு ஏற்கிறார்கள், ஆனாலும் நேரில் வந்து சொல்வதற்கு உள்ள எடை அதற்கு இல்லை. ஆகவே துப்பறிவாளரின் உண்மையான திறமை, யாருக்கு என்ன தெரியும் என்று கண்டுபிடித்து, அவரே வந்து சாட்சி சொல்லும்படி மனம் திருப்புவதில் இருக்கிறது. தான் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை மறைக்காமல் பேச வேண்டும். போக்குவரத்துச் செலவு கொடுக்கலாம். சாட்சிக்கு விலை கொடுக்கக் கூடாது. எதிர்த்தரப்புக்கு வழக்கறிஞர் இருக்கும்போது, உங்கள் வழக்கறிஞர் எதிர்த்தரப்பிடம் நேரடியாக வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதி அமெரிக்கா போன்ற நாடுகளில் உண்டு. அந்த வழக்கறிஞர் அனுப்பும் துப்பறிவாளருக்கும் அது பொருந்தும். போலிப் பெயரில் முகநூல் கணக்குத் தொடங்கி நட்பு அழைப்பு விடுவதும் இந்த வம்புக்குள்தான் வரும். அவர் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருப்பதைப் பார்க்கலாம், சேமிக்கலாம்.

உங்கள் வழக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு முறை சோதனைக் கொள்முதல். துப்பறிவாளர் சாதாரண வாடிக்கையாளராகப் போய் அந்தப் புதிய கடையில் சரக்கு வாங்குவார். யார் விலை பேசினார், யார் பணம் வாங்கினார், பில்லில் எந்தப் பெயர், பெட்டியில் உங்கள் பழைய சரக்கின் அடையாளம் இருந்ததா என்று அன்றே எழுதி வைப்பார். வணிகச் சின்ன வழக்குகளில் இது நீண்டகால வழக்கம். யாருக்கும் திறந்திருக்கும் கடைக்குள் போய், எந்த வாடிக்கையாளரும் கேட்கக்கூடியதை மட்டும் கேட்டால் இதில் சிக்கல் எழுவது அரிது.

கண்காணிப்பைப் பற்றிப் பலருக்கும் சினிமா நினைப்பு இருக்கிறது. உண்மையில் அது சலிப்பான வேலை, சலிப்பாக இருப்பதே அதன் மதிப்பு. பொது இடத்தில் நின்று, வெறும் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது. எங்கே நின்றேன், எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி, எத்தனை மணிக்கு என்ன. "காலை 10.20, கடைக் கதவைத் தன் சாவியால் திறந்தார்" என்று எழுதினால் அது சாட்சியம். "முதலாளி போல நடந்துகொண்டார்" என்று எழுதினால் அது அவருடைய அபிப்பிராயம், குறுக்கு விசாரணையில் கிழிந்துவிடும். ஒன்றுமே நடக்காத நாட்களும் குறிப்பில் இருக்க வேண்டும். உங்களுக்குச் சாதகமான பகுதிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவைக் காட்டினால், "மீதி எங்கே?" என்ற ஒரு கேள்வியில் முழு வேலையும் சந்தேகத்துக்கு ஆளாகும். வீட்டுச் சுவருக்குள் எட்டிப் பார்ப்பது, படுக்கையறைச் சன்னலை நோக்கி லென்சைத் திருப்புவது, சுவருக்கு மேலே டிரோனைப் பறக்கவிடுவது எல்லாம் வேண்டாம்.

படம், வீடியோ, ஒலிப்பதிவு எதுவானாலும் மூலக் கோப்பும் முடிந்தால் மூலக் கருவியும் பத்திரமாக இருக்க வேண்டும். கோப்பை எடுத்த உடனே அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை, எடுத்து வைப்பார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட அது உதவும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த காலத்திலேயே, இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லி 2020-இல் உறுதி செய்தது. இந்த ஒரு காகிதம் இல்லாததால் நல்ல ஆதாரங்கள் வீணாகிப் போவது வேதனையான விஷயம்.

இனி, உங்கள் ஆசை முழுக்க எதில் இருக்கிறதோ அந்த வங்கிக் கணக்கு. அதைத் துப்பறிவாளர் எடுக்க வேண்டியதில்லை. அது எங்கே இருக்கிறது, ஏன் தேவை என்று காட்டினால் போதும், நீதிமன்றம் எடுக்கும். சோதனைக் கொள்முதலில் துப்பறிவாளர் எந்த வங்கிக் கணக்கில் பணம் செலுத்தினார் என்று பில்லிலேயே தெரிந்துவிடலாம். கடையைத் தினமும் திறப்பவர் உங்கள் நண்பர்தான் என்று கண்காணிப்புக் குறிப்பு சொல்கிறது, நிறுவனம் பதிவான தேதி சந்தேகத்தைக் கூட்டுகிறது. இவற்றை வைத்து, குறிப்பிட்ட வங்கியின் குறிப்பிட்ட கணக்கை வரவழைக்க உங்கள் வழக்கறிஞர் மனுப் போடலாம். வங்கி தரும் சான்றிட்ட நகல், இங்கிலாந்தில் 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் இந்தியாவில் 1891-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் தானே சாட்சியமாக நிற்கும். திருடி எடுத்த அச்சுப்பிரதியை நிரூபிக்க எந்த வங்கி ஊழியரும் கூண்டில் ஏற மாட்டார். சொத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றித் தீர்ப்பை வெறும் காகிதமாக்கப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க வழி உண்டு. ஆங்கிலேய மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் சொத்தை முடக்கும் ஆணையும் கேட்கலாம். இதற்கெல்லாம் வெறும் சந்தேகம் போதாது, அடிப்படை ஆதாரம் வேண்டும். துப்பறிவாளர் உங்களுக்குத் தேவைப்படும் இடம் அதுதான்.

அதனால் அவரை நீங்கள் நேரடியாக அமர்த்தாமல், வழக்கறிஞர் வழியாக அமர்த்துங்கள். வழக்குக்காகத் தயாரித்த குறிப்புகளை எதிர்த்தரப்பு எளிதில் கேட்டு வாங்க முடியாதபடி பல நாடுகளில் பாதுகாப்பு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-லேயே அதற்கு அடித்தளம் போட்டது. வழக்கறிஞர் வழியாகப் போனால் அந்தப் பாதுகாப்பைக் கோருவது எளிது. துப்பறிவாளரே சாட்சியாக வந்தால் அதில் ஒரு பகுதி திறந்துவிடும், அதையும் வழக்கறிஞர்தான் கணித்துச் சொல்ல வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும், எந்த முறைகளைத் தொடவே கூடாது என்பதை எழுத்தில் போடச் சொல்லுங்கள். "அவன் ஏமாற்றுகிறான் என்று நிரூபித்துக் கொடு" என்பது வேலை அல்ல, "அந்தத் தொழிலை நடத்துபவர் யார்?" என்பதுதான் வேலை. விடை உங்கள் நண்பருக்குச் சாதகமாகவும் வரலாம், அதைத் தெரிந்துகொள்வதும் உங்களுக்கு நல்லது. வழக்கு ஜெயித்தால் இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். அப்படிப் பேசிய சாட்சியை எந்த நீதிபதி நம்புவார்?

உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூர், கனடாவின் ஒன்டாரியோ, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கட்டாயம். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தும் துப்பறிவாளருக்கான உரிம முறை நடப்புக்கு வரவில்லை. இந்தியாவில் 2007-இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை. அப்படிப்பட்ட இடங்களில், அவர் இதற்கு முன் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருக்கிறாரா என்று விசாரிப்பதுதான் நல்ல உரைகல். அவரும் உங்களைக் கேள்வி கேட்பார், கோபப்படாதீர்கள். அமெரிக்காவில் ஒரு தகவல் நிறுவனம், காசு கொடுத்துக் கேட்டவனுக்கு ஓர் இளம்பெண்ணின் வேலையிடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அவன் அங்கே போய் அவரைக் கொன்றான். தேடிக் கொடுப்பவருக்குத் தேடப்படுபவர் மீதும் பொறுப்பு உண்டு என்று நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்காமல் காசை வாங்கிக்கொள்பவரிடம் உங்கள் வழக்கை ஒப்படைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் ஒலிப்பதிவுகள். நீங்களே பேசிய அழைப்பைப் பதிவு செய்ததால், கனடாவிலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் பேசியவர்களில் ஒருவரின் சம்மதமே போதும். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் பேசிய எல்லோருடைய சம்மதமும் வேண்டும், இல்லாவிட்டால் அது குற்றம். இந்தியாவில், குரல் யாருடையது என்பதும் பதிவில் கை வைக்கப்படவில்லை என்பதும் பேச்சு வழக்குக்குத் தொடர்புடையது என்பதும் காட்டப்பட்டால் ஏற்கிறார்கள். அந்த அலைபேசியை விற்கவோ, புதுப்பிக்கவோ, பழுதுபார்க்கக் கொடுக்கவோ வேண்டாம். பதிவில் ஒரு வினாடியைக்கூட வெட்ட வேண்டாம். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒவ்வோர் அழைப்பும் எந்தத் தேதியில், யார் அழைத்து, எதைப் பற்றிப் பேசியது என்று ஒரு தாளில் எழுதி, அலைபேசியோடு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சொல்லும்வரை இனி எந்த அழைப்பையும் பதிவு செய்யாதீர்கள்.